ஏழுகடைக்காரர்களின் வலது தோள்

தண்டபாணி ஜப்பானில் தன் முதல் பந்தை வீசிய செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டே முக்கால் மணிக்கு, அங்கிருந்து எத்தனையோ கடல் தள்ளி, பழனிக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவில் இருக்கிற ஏழுகடை என்ற ஊரில், பரோட்டா மாஸ்டர் சின்னத்தம்பி விசிறிக்கொண்டிருந்த மாவை அப்படியே கல்லின் மேல் போட்டுவிட்டு, வலது தோளைப் பிடித்துக்கொண்டு வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் ஐந்து மணி வரைக்கும் எழுந்திருக்கவில்லை. யாரோ தோள் மூட்டுக்குள் ஓர் ஆணியை வைத்து, நிதானமாக, அவசரமே இல்லாமல், ஓர் அடி அடித்து, சற்று நின்று யோசித்து, மறுபடி ஓர் அடி அடிக்கிற மாதிரி இருக்கிறது என்று சொன்னார். மொத்தம் நூற்றிரண்டு அடி. வேறு வேலை இல்லாததால் எண்ணிக்கொண்டிருந்தாராம்.

அன்று யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பரோட்டா மாஸ்டருக்குத் தோள் வலிப்பதில் என்ன அதிசயம் இருக்கிறது. ஆனால் ஆறு நாள் கழித்து அதே இரண்டே முக்கால் மணிக்கு முடி திருத்தும் மாரிக்கண்ணுவுக்கு வந்தது. அதற்கடுத்த ஆறாம் நாள் தபால்காரம்மாவுக்கு வந்தது. எப்போதும் ஒரே ஓர் ஆளுக்கு, எப்போதும் வலது தோளில், எப்போதும் ஆணி அடிக்கிற மாதிரி. வந்தவருக்கு மறுநாள் சட்டைக்குள் கை நுழையாது, அடுத்த நாலைந்து நாளைக்குத் தலை சீவ முடியாது. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் ரஹ்மத்துன்னிசா எதையும் எழுதி வைக்கிற பழக்கம் உள்ளவர். யாருக்கு, எப்போது, எத்தனை அடி என்று ஒரு காகிதத்தில் குறித்து வைத்திருந்தார்.

அந்தக் காகிதத்துக்கு அர்த்தம் கண்டுபிடித்தது சௌந்தரம். அவள் காய்கறிச் சந்தைக்கு எதிரே தையல் கடை வைத்திருந்தாள். தண்டபாணியின் அக்கா. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்து போன பிறகு அவனுக்கு இருந்த ஒரே ஆள். அவன் அந்தச் சந்தையில் லோடுமேனாக இருந்தவன். தரையில் நின்றபடி லாரி மேல் நிற்கிறவன் கைக்கு முட்டைக்கோசை எறிவதுதான் வேலை. அவன் எறிகிற முட்டைக்கோசைப் பிடிக்கக் கையை நீட்ட வேண்டியதில்லை, சும்மா வைத்திருந்தால் போதும், அதுவே வந்து உட்காரும் என்று சொல்வார்கள். அதைப் பார்த்துவிட்டு கல்லூரி விளையாட்டு ஆசிரியர் ஒருவர் அவனைப் பேஸ்பால் ஆட இழுத்துப் போனதும், மாவட்டம், மாநிலம் என்று ஆடி, வெளிநாட்டிலிருந்து ஆள் தேட வந்தவர்கள் கண்ணில் பட்டு, துறைமுக நகரம் ஒன்றின் தொழில்முறை அணியில் பந்து வீசுகிறவனாக, அவர்கள் பாஷையில் பிட்சராக, அவன் சேர்ந்ததும் மூன்றே வருடத்தில் நடந்து முடிந்துவிட்டன.

அவன் போனில் சொன்னான், "நேத்து தொண்ணூத்தெட்டு பந்து போட்டேன்க்கா. இங்க எல்லாரும் மேட்ச் முடிஞ்சதும் தோள்ல ஐஸ் கட்டிட்டுப் படுத்துக்கிறாங்க. எனக்கு ஒண்ணுமே இல்ல. கை பஞ்சு மாதிரி இருக்கு."

தொண்ணூற்றெட்டு என்ற எண்ணை அவள் காலையில்தான் தபால்காரம்மா வாயால் கேட்டிருந்தாள். வெட்டிக்கொண்டிருந்த ஜாக்கெட் துணியை மடித்து வைத்துவிட்டு நேரே டாக்டரிடம் போனாள். இவள் சொல்லச் சொல்ல அவர் தம் காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். நாள், மணி, எண்ணிக்கை, எல்லாம் ஒத்துப்போயின.

"இதுக்கு என்கிட்ட மாத்திரை இல்லம்மா" என்றார் டாக்டர். "தம்பியோட மேட்ச் அட்டவணை இருந்தா குடுங்க, ஆஸ்பத்திரிச் சுவத்துல ஒட்டிடறேன். என்னைக்குன்னு முன்கூட்டியே தெரிஞ்சாலே ஜனங்களுக்குப் பாதி வலி குறையும்."

ஊர் இதைக் கேட்டு வியந்ததாகச் சொல்ல முடியாது. சந்தைக்காரர்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்: வருஷத்துக்கு எத்தனை மேட்ச். இருபத்தைந்து இருக்கும் என்றாள் சௌந்தரம். இருபத்தைந்துதானே என்றார்கள். நம்ம பையன் வீசுகிறான், நம்ம ஊருக்கு வலிக்கிறது, இதில் என்ன என்று சொல்லிவிட்டு, மேட்ச் நாள்களில் மாரிக்கண்ணு சவரக் கத்தி எடுப்பதில்லை, மின்வாரியத்து ஆள் கம்பம் ஏறுவதில்லை, கிணற்றில் யாரும் இறங்குவதில்லை என்று ஊரே தன் வேலைகளைச் சற்று நகர்த்தி வைத்துக்கொண்டது.

அதையும் மீறி ஒரு நாள் இருதயராஜுக்கு வந்தது. அவர் முட்டைக்கோசு ஏற்றிக்கொண்டு கேரளாவுக்கு லாரி ஓட்டுகிறவர். குமுளி மலைப்பாதையில், கொண்டை ஊசி வளைவில், ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த வலது கைக்குள் முதல் ஆணி இறங்கியது. வண்டியைப் பாறையோரம் சாய்த்து நிறுத்தி உயிர் தப்பினார். இடது கையாலேயே ஊர் வந்து சேர்ந்த அவரைப் பார்த்ததும் அவர் மனைவி ஆரோக்கியமேரி சந்தை நடுவில் வந்து நின்று, யாரையும் பார்க்காமல், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "யாருக்காவது வந்துதான் ஆகணும்னா எனக்கு வரட்டும். நான் வீட்டுல உக்காந்து வாங்கிக்கிறேன். ஓட்டுறவங்க கைக்கு வேண்டாம்."

அடுத்த மேட்சில் அவளுக்கே வந்தது. அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தவள் முறத்தை நகர்த்தி வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து வாங்கிக்கொண்டாள்.

கேட்டால் கேட்டவருக்கு வரும் என்று அப்படித்தான் தெரிந்தது. அன்றிலிருந்து சந்தையில் இருக்கிற ராவுத்தர் காய்கறி மண்டிச் சுவரில் கரும்பலகை ஒன்று தொங்கியது. அதில் தோள்முறை என்று தலைப்பிட்டு, தேதி போட்டு, பெயர் எழுதினார்கள். முறைக்காரர் அன்று காலையில் குளித்துவிட்டு மண்டிக்கு வருவார், எனக்கு வரட்டும் என்று ஒரு தடவை சொல்வார், நாற்காலியில் உட்காருவார். மீன் கடையிலிருந்து ஐஸ் வரும், எண்ணெய்ச் செக்கிலிருந்து நல்லெண்ணெய் வரும், நாலு பேர் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பார்கள். பெயர் எழுதாதவர்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எழுதாதவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாற ஆள் குறைந்தது. பஞ்சாயத்துத் தேர்தலில் நின்ற இருவர் போட்டி போட்டுக்கொண்டு மூன்று முறை வாங்கி, வாக்குக் கேட்டுக் கும்பிடக் கை தூக்க முடியாமல் திண்டாடினார்கள். இரண்டு தெருக்காரர்கள், முப்பது வருடமாக ஒருவர் கடைத் தண்ணீரை ஒருவர் குடிக்காதவர்கள், அடுத்தடுத்த முறை வாங்கியதில் ஒருவர் தோளுக்கு ஒருவர் எண்ணெய் போட வேண்டி வந்து, அதற்கப்புறம் பழைய விஷயத்தைப் பேச இருவருக்குமே கூச்சமாக இருந்தது.

ஒன்றை மட்டும் ஊர் கூடி முடிவு செய்தது. தண்டபாணிக்குச் சொல்லக் கூடாது. தெரிந்தால் கையை மெதுவாக விடுவான், மெதுவாக விட்டால் அடி வாங்குவான், அடி வாங்கினால் அனுப்பி விடுவார்கள். சௌந்தரமும் சரி என்றாள். ஒவ்வொரு தடவை அவன் போனில் கை பஞ்சு மாதிரி இருக்கு என்று சொல்லும்போதும், அவள் கண்ணாடி வழியே எதிரே மண்டியில் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவரைப் பார்த்துக்கொண்டே, "நல்லதுப்பா, உடம்பப் பாத்துக்க" என்பாள்.

மூன்றாம் வருடம்தான் சிக்கல் வந்தது. நூறு பந்து வீசினால் ஐந்து நாள் ஓய்வெடுக்க வேண்டிய ஆட்டத்தில் ஓய்வே கேட்காத ஒரு கை இருக்கிறது என்று அணிக்காரர்கள் கண்டுகொண்டார்கள். மூன்று நாளைக்கு ஒரு தடவை இறக்கினார்கள், அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள். அவனிடம் அப்போது இருந்தது ஒரே வித்தை. நேராக, வேகமாக, தோளைச் சுழற்றிக் கொடுக்கிற பந்து. பந்து எத்தனையோ, ஆணி அத்தனை. இரண்டாம் தடவை வாங்கியவர்களுக்கு ஆற வாரக்கணக்கானது. ஊரில் எந்த நேரம் பார்த்தாலும் பத்துப் பதினைந்து வலது கைகள் கழுத்தில் கட்டிய துணித் தூளியில் தொங்கின. லாரிகள் தாமதமாகக் கிளம்பின. முட்டைக்கோசு சந்தையிலேயே வாடியது. பலகையில் பெயர் எழுத ஆள் இல்லாத ஒரு வெள்ளிக்கிழமை, ஏற்கெனவே நாலு முறை வாங்கியிருந்த சின்னத்தம்பி, எனக்கே வரட்டும் போ என்று சொல்லி உட்கார்ந்தார். அன்று நூற்று முப்பத்தொரு பந்து. நூற்றுப் பத்தாவதில் அவர் தோளுக்குள் ஏதோ துணி கிழிகிற மாதிரி சத்தம் கேட்டதாகப் பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். துணி கிழிகிற சத்தம் சௌந்தரத்துக்குத் தெரியும். பக்கத்தில் நின்ற அவளுக்கும் கேட்டது.

அன்று மாலையே அவள் போன் போட்டாள்.

"பாணி, உனக்கு ஏன் கை வலிக்கலன்னு என்னைக்காவது யோசிச்சியா?"

"இல்லக்கா. யோசிச்சா வந்துருமோன்னு பயம்."

"அது இங்க வருது."

அவனுக்குப் புரியவில்லை. அவள் முதலிலிருந்து சொன்னாள். பரோட்டாக் கல்லிலிருந்து கரும்பலகை வரை ஒன்றும் விடாமல் சொன்னாள்.

"யார் யாருக்குக்கா?" என்று கடைசியில் கேட்டான்.

அவள் டாக்டரின் காகிதத்தை வாங்கி வைத்திருந்தாள். படித்தாள். பாதியில் நிறுத்தி, போதுமா என்று கேட்டாள். நிறுத்தாதக்கா என்றான். கடைசிப் பெயர் சின்னத்தம்பி.

"மாஸ்டருக்கு இனிமே கை வராதா?"

"தோளுக்கு மேல தூக்க வராதுன்னு டாக்டரம்மா சொல்றாங்க."

"நான் வந்துடறேன். நாளைக்கே சொல்லிட்டு வந்துடறேன்."

வாயைத் திறந்து அவன் அழுதிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவன் அழவில்லை. போனை வைத்துவிட்டான்.

மறுநாள் காலை விஷயம் தெரிந்து தையல் கடை வாசலில் கூட்டம் கூடியது. ஏன் சொன்னாய் என்று கேட்கத்தான் வந்தார்கள். ஆனால் தூளியில் கையோடு சின்னத்தம்பி முன்னால் நின்றதால் யாரும் கேட்கவில்லை. அவர் போனைப் போடச் சொன்னார்.

"தம்பி, நான் சின்னத்தம்பி. நீ பாட்டுக்கு மூட்டையக் கட்டிட்டு வந்து நின்னீன்னா என் கை சும்மா போன கையாயிரும். அதை நான் ஒத்துக்க மாட்டேன்."

"இன்னொருத்தர் கை போகணுமாண்ணே?"

"போக வேண்டாம். நீ எல்லாத்தையும் ஒரே மாதிரி வீசுற. அதான் எல்லாம் ஒரே ஆள் மேல விழுது. சந்தையில நீ அப்படியா போட்ட? முட்டைக்கோசு ஒரு மாதிரி, பூசணி ஒரு மாதிரி, தக்காளிக் கூடை ஒரு மாதிரி. டாக்டரம்மா என்னமோ சொல்றாங்க, கேளு."

டாக்டர் போனை வாங்கினார். போன ஆடியில் ஒரு மேட்ச் அன்று முறைக்காரருக்குத் தோள் வலித்தபோதே, பலகையில் அடுத்த பெயராக இருந்த மாரிக்கண்ணுவுக்கு முழங்கையில் பதினோரு சுண்டு சுண்டியதையும், அதை அவர் தனியாகக் குறித்து வைத்திருந்ததையும் சொன்னார். "அன்னைக்கு நீங்க வேற விதமா ஏதாவது வீசினீங்களா?"

தண்டபாணி யோசித்தான். "ஆமாங்க மேடம். வளைஞ்சு இறங்குற பந்து ஒண்ணு பழகிப் பாத்தேன். பத்துப் பதினொண்ணு இருக்கும்."

"அப்ப விதத்துக்கு ஓர் ஆள். நிறைய விதம் போட்டீங்கன்னா நிறைய பேருக்குக் கொஞ்சம் கொஞ்சமா வரும். அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது."

அவன் திரும்பி வரவில்லை. முதல் காரியமாக, அணிக்காரர்களிடம் போய், இனி மற்றவர்கள் மாதிரி எனக்கும் ஐந்து நாள் ஓய்வு வேண்டும் என்று நின்றான். வலிக்காத கைக்கு ஓய்வு எதற்கு என்று கேட்டவர்களிடம், வலிக்கிறது, இடம்தான் வேறு என்று சொன்னதாக அவன் பந்தைப் பிடிக்கிற கேட்சர் ஒகாதா பிற்பாடு சிரித்துக்கொண்டே சொல்வார். அப்புறம் அந்தக் குளிர்காலம் முழுவதும் அவனும் ஒகாதாவும் ஒரு கூரைக் கொட்டகைக்குள் நின்று பழகினார்கள். வளைகிற பந்து, வழுக்கிக்கொண்டு விலகுகிற பந்து, வேகம்போல் வந்து நடுவழியில் சோர்ந்து போகிற பந்து, மட்டைக்காரன் முன்னால் வந்ததும் பொத்தென்று விழுகிற பந்து, பக்கவாட்டில் கையைத் தாழ்த்தி அள்ளிப்போடுகிற பந்து, கடைசியாக, நகத்தால் பிடித்து, சுழலாமல், பட்டாம்பூச்சி மாதிரி எங்கே போகிறது என்று அதற்கே தெரியாமல் போகிற பந்து. பழைய வேகத்தோடு சேர்த்து ஏழு.

ஏழுகடையில் மண்டி வாசலில் ஏழு நாற்காலிகள் போட்டார்கள். முதல் நாற்காலிக்குத் தோள், இரண்டாவதற்கு முழங்கை, மூன்றாவதற்கு மணிக்கட்டு என்று வரிசையாகப் போய், ஏழாவது நாற்காலிக்கு விரல் நுனியில் சூடான டீ கிளாசைப் பிடித்த மாதிரி ஒரு சின்ன எரிச்சல் மட்டும் வரும். அதைப் பிள்ளைத்தாய்ச்சிகள் கூட வாங்கலாம் என்று டாக்டர் சொன்னதால் அதற்கு ஏகப்பட்ட கிராக்கி. ஒருவருக்குப் பதினைந்து பந்து. மறுநாள் காலையில் சற்று கடுகடுக்கும், மத்தியானத்துக்குள் போய்விடும். தூளிகளை எல்லாம் துவைத்துக் காயவைத்து எடுத்து வைத்தார்கள். லாரிகள் நேரத்துக்குக் கிளம்பின.

பேஸ்பால் பார்த்தே இராத அந்த ஊர், பந்து வீச்சைத் தன் உடம்பால் படித்தது. மூன்றாவது நாற்காலிக்காரர் முகம் சுளித்தால், வழுக்கு பந்து போட்டுட்டான் என்பார்கள். ஆறாவதுக்கு அடுத்தடுத்து வந்தால், எதிரே நிற்கிறவன் இடது கைக்காரன் போலிருக்கிறது என்பார்கள். இரண்டு நிமிஷம் கழித்து சௌந்தரத்தின் போனில் அதையே படமாகப் பார்த்துத் தலையாட்டிக்கொள்வார்கள்.

அடுத்த பந்து எப்படி வரும் என்று தெரியாத பந்து வீச்சாளன் என்று அங்கே அவனுக்குப் பெயர் பரவியது. ஆட்டத்தைத் தொடங்கி வைக்கவும் அவனைக் கூப்பிட்டார்கள், நடுவில் தடுமாறுகிறபோது தூக்கி நிறுத்தவும் கூப்பிட்டார்கள், கடைசி மூன்று ஆளை வீழ்த்தி முடித்து வைக்கவும் கூப்பிட்டார்கள். அவன் எதற்கும் போனான், ஓய்வு நாள் கணக்கை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. மூன்று அணிகள் மாறி, கடைசியில் ஒகாதா இருந்த பழைய அணிக்கே திரும்பினான். ஒரு வருடம் கோப்பையை வென்ற கடைசிப் பந்தை அவன்தான் வீசினான், அது நாலாவது வித்தை, அன்று நாலாவது நாற்காலியில் இருந்தவள் ஆரோக்கியமேரி. அதற்குப் பிறகு தெருவில் எதிர்ப்படுகிறவர்களுக்கெல்லாம் அவள் முன்னங்கையைக் காட்டினாள், அங்கே பார்க்க ஒன்றும் இல்லாவிட்டாலும் எல்லாரும் பார்த்தார்கள்.

சௌந்தரம் மட்டும் முழு நிம்மதியோடு ஒரு மேட்சும் பார்த்ததில்லை. கூட்டத்துக்குள் யார் முகம் எப்படி மாறுகிறது என்றே அவள் கண் போகும். கடன்பட்ட மாதிரி ஒரு தலைகுனிவு அவளுக்கு இருந்துகொண்டே இருந்தது. முதல் நாற்காலியில் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு அவளே உட்கார்ந்தாள்.

பதினோராம் வருடம், அவனுக்கு முப்பத்தைந்து நடக்கும்போது, புரட்டாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை ஒன்பதரைக்கு மேட்ச். அன்றும் முதல் நாற்காலி அவளுக்கு. ஏழு பேரும் எனக்கு வரட்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். ஒன்பதே முக்கால் ஆயிற்று. ஒன்பது ஐம்பது ஆயிற்று. ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை.

"உனக்கு?" என்றார் இருதயராஜ், இரண்டாவதில் இருந்தவர்.

"இல்லண்ணே. உங்களுக்கு?"

"இல்ல."

ஏழாவது வரைக்கும் அந்தக் கேள்வி போய்த் திரும்பி வந்தது. சந்தைச் சத்தம் மெல்ல மெல்ல அடங்கியது. தராசுக்காரர் படிக்கல்லைக் கையில் பிடித்தபடியே நின்றார். மழையால் ஆட்டம் நின்றிருக்கலாம் என்றார் ஒருவர். அவன் இன்று இறங்காமல் இருந்திருக்கலாம் என்றார் இன்னொருவர். அவன் உயிரோடு இருக்கிறானா என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்று சௌந்தரத்துக்குத் தெரிந்தது. போனில் படம் வராமல் சுற்றிக்கொண்டே இருந்தது. ஆரோக்கியமேரி அவளிடமிருந்து போனை வாங்கி எல்லாரும் பார்க்கும்படி பிடித்துக்கொண்டாள்.

படம் வந்தது. மைதானம் நல்ல வெயிலில் இருந்தது. நடு மேட்டில் தண்டபாணி நின்றுகொண்டிருந்தான். இடது கையால் வலது தோளைத் தொட்டுப் பார்த்தான். தன் தோளை அல்ல, வேறு யாருடையதையோ தொடுகிற மாதிரி. ஒகாதா முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அவனிடம் ஓடினார். இருவரும் ஏதோ பேசினார்கள். அப்புறம் தண்டபாணியின் முகம் கோணிக்கொண்டு வந்தது. அழப்போகிறான் என்று நினைத்தார்கள். அவன் சிரித்தான். ஐம்பதாயிரம் பேர் நடுவில், தோளைப் பிடித்துக்கொண்டு, பல் எல்லாம் தெரிய.

அதற்கப்புறம் இன்னும் அறுபது பந்து வீசினான். ஒவ்வொன்றுக்கும் அவன் உதடு இறுகுவதைச் சந்தை முழுவதும் எட்டி எட்டிப் பார்த்தது.

மத்தியானம் போன் வந்தது. மண்டிக்கே வந்தது, எல்லாரும் அங்கேயே இருந்தார்கள்.

"அக்கா, வலிக்குதுக்கா."

"எங்கப்பா?"

"தோள்ல. ஆணி அடிக்கிற மாதிரி. முழங்கையில சுண்டுது. ஒகாதாகிட்ட இது என்னன்னு கேட்டேன். தோள்னா இதுதான், உனக்குப் பதினோரு வருஷம் லேட்டா வந்திருக்குன்னார்." மூச்சு வாங்கிக்கொண்டான். "அங்க யாருக்காவது வந்துச்சா?"

"யாருக்கும் வரலப்பா."

"ஒருத்தருக்கும்?"

"ஏழு பேரும் சும்மாதான் உக்காந்திருக்கோம்."

"அப்பாடா" என்றான் அவன். மறுபடியும் அப்பாடா என்றான். சௌந்தரத்துக்குத் தன் கழுத்தின் பின்பக்கம் ஏதோ ஒன்று, பதினோரு வருடம் அங்கேயே உட்கார்ந்திருந்த ஒன்று, எழுந்து போவது தெரிந்தது. அவள் அங்கேயே, எல்லார் முன்னாலும், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். யாரும் தேற்றவில்லை. அது தேற்ற வேண்டிய அழுகை இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்தது. தராசுக்காரர் படிக்கல்லைத் தட்டில் வைத்தார். சந்தை மறுபடி சத்தம் போடத் தொடங்கியது.

அந்தப் பருவம் முடிகிறவரை அவன் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வீசினான், வலியோடு, ஐஸ் கட்டிக்கொண்டு, மற்றவர்களைப் போல. அதோடு போதும் என்று சொல்லிவிட்டு ஐப்பசி மாதம் ஊர் வந்தான்.

பழனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பெட்டியை இடது கையில் வைத்திருந்தான். ஊர் அவனுக்கு மாலை போட வந்திருந்தது. மாலையை வாங்கிக்கொள்ள வலது கையைத் தூக்கியவன் பாதியிலேயே பல்லைக் கடித்து நிறுத்தினான். முன்னால் நின்ற மாரிக்கண்ணு மாலையைப் பின்னால் இருந்தவரிடம் கொடுத்துவிட்டார்.

"தூக்காதீங்க தம்பி. அந்த உசரத்துக்கு மேல தூக்கவே கூடாது, மூணு வாரத்துக்கு. எனக்கு ரெண்டாவது தடவ வந்தப்ப தூக்கிட்டுத்தான் பட்டேன்."

"ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுக்காத" என்றாள் ஆரோக்கியமேரி. "கைக்கு அடியில ஒரு தலகாணி வெச்சுக்க. மல்லாக்கப் படு."

"சட்டை போடும்போது வலிக்கிற கைய மொதல்ல நுழைக்கணும். கழட்டும்போது கடைசியில" என்றார் தபால்காரம்மா.

"வெந்நி ஒத்தடம் மூணாம் நாளுக்கு அப்புறம்தான்."

"பல் தேய்க்க இடது கையப் பழகிக்கிட்டீங்களா?"

அவன் ஒவ்வொருவருக்கும் தலையாட்டினான். பழகவில்லை என்றான். தெரியாது என்றான். இதெல்லாம் எனக்குப் புதுசுங்க என்றான். அவன் கண் கூட்டத்துக்குள் ஒருவரைத் தேடிக்கொண்டே இருந்தது.

சின்னத்தம்பி பின்னால் நின்றிருந்தார். கல்லின் முன்னால் நிற்க முடியாமல் போன பிறகு அவர் கடையில் பில் எழுதிக்கொண்டிருந்தார். அவரைக் கண்டதும் தண்டபாணி பெட்டியை வைத்துவிட்டுக் காலில் விழக் குனிந்தான். அவர் இடது கையால் அவன் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தி, பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார வைத்து, பின்னால் போய் நின்றுகொண்டார்.

"சும்மா இரு. உடம்பைத் தளர்த்து" என்றார். இடது கைக் கட்டைவிரலை அவன் தோள்பட்டை எலும்புக்கு அடியில் கொண்டுபோய், தேடாமல், தயங்காமல், ஓர் இடத்தில் வைத்து அழுத்தினார். "இங்கதான?"

"அங்கதாண்ணே" என்றான் தண்டபாணி. கண்ணை மூடிக்கொண்டான்.

"எனக்குத் தெரியாதா" என்றார் சின்னத்தம்பி, இன்னும் கொஞ்சம் அழுத்தி.